பாதி வசனம்

கொரோனா ஓய்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்த ஒரு லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். மும்பை தாராவியில், நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆனால் நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தாராவிதான். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டதே எங்கள் சபையின் சண்டே ஸ்கூலில். பிறகு அங்கேயே டீச்சராகவும் ஆகிவிட்டேன். அதனால் வேத விஷயத்தில் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது என்று உள்ளுக்குள் ஒரு தைரியம் எப்போதும் இருந்தது.

அப்போது எனக்கு ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு தடவை குழந்தை தங்காமல் போயிருந்தது. இரண்டாவது தடவைக்குப் பிறகு டாக்டர் ஏதேதோ டெஸ்ட் எல்லாம் எடுத்து, என் இரத்தம் சீக்கிரம் உறைந்துவிடுகிறது, அதனால் குழந்தைக்குப் போக வேண்டியது போய்ச் சேரவில்லை என்று கண்டுபிடித்தார். இந்தத் தடவை பிரசவம் வரைக்கும் தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு நானே குத்திக்கொள்ளத் தைரியம் இல்லை. அதே மாடியில் எதிர் வீட்டில் இருந்த ஒரு முஸ்லிம் அக்கா குர்லாவில் ஒரு டிஸ்பென்சரியில் வேலை பார்த்தார். அவர்களும் நம் தென்காசிப் பக்கம்தான். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுவேன். லாத்தாதான் வேலைக்குக் கிளம்புமுன் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். வயிறு முழுக்க நீலம் நீலமாகக் கன்றிப்போயிருக்கும். அதைக் கண்ணாடியில் பார்க்கிறபோதெல்லாம் அழுகை வரும். இவ்வளவும் பட்டு, இதுவும் நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு நிமிடம்கூட விலகியதில்லை.

மாட்டுங்காவில் நான் வேலை பார்த்த ஆபீஸில் கூட இருந்த ஒரு பெண்தான், செம்பூரில் ஒரு பிளாட்டில் நடக்கும் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனாள். கூட்டத்தை நடத்துகிறவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எல்லோரும் சிஸ்டர் என்பார்கள். குரல் அவ்வளவு மிருதுவாக இருக்கும். கையில் புத்தகத்தைத் திறக்காமலேயே அதிகாரம், வசனம் எல்லாம் மழை மாதிரி கொட்டுவார். முதல் நாள் என் கதையைக் கேட்டுவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதார். உறவுக்காரர்கள்கூட, "அடுத்தது நல்லா நடக்கும், கவலைப்படாத" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவர் ஒருத்தர்தான் போன இரண்டு பிள்ளைகளுக்காகவும் உட்கார்ந்து அழுதார். அன்றைக்கே நான் அவருடைய ஆளாகிவிட்டேன்.

ஊசியைப் பற்றி அவர் எடுத்ததும் எதுவும் சொல்லவில்லை. சில வாரம் போன பிறகுதான் ஆரம்பித்தார்.

"அந்த ரெண்டு பிள்ளைங்களையும் கர்த்தர் எடுக்கலம்மா. உங்க பயம்தான் எடுத்துச்சு. ஒவ்வொரு நாளும் ஊசி குத்தும்போது, ஆண்டவரே உம்மால முடியாதுன்னு நீங்க சொல்றீங்க. யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். யோசிக்க யோசிக்க அது சரி என்றே பட்டது. தூதர்கள் நம்மைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள், கால் கல்லில் இடறாது என்கிற சங்கீத வசனத்தை என் தலையில் கை வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லி ஜெபித்தார். மழைக்காலத்தில் என் கையில் ஒரு ஆண் குழந்தை இருக்கும் என்று தரிசனம் கண்டதாகச் சொன்னார். கோவண்டியிலிருந்து வந்த ஒரு அக்கா எழுந்து, சுகர் மாத்திரையை நிறுத்தின பிறகுதான் உடம்பு லேசாக இருக்கிறது என்று சாட்சி சொன்னார். கூட்டம் முடிந்ததும் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க சபை போதகர்கிட்ட இதையெல்லாம் பேச வேண்டாம். அவங்களுக்குப் படிப்பு இருக்கு, விசுவாசம் இல்ல" என்றார்.

அது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. என்னை மட்டும் ஒரு ரகசியத்துக்குள் சேர்த்துக்கொண்ட மாதிரி பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவருக்கும் ஊசியைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போயிருந்தது. "நான் என்னத்தச் சொல்லட்டும்? உனக்குச் சமாதானம்னா சரி" என்றார்.

மறுநாள் காலை வாசலில் நின்ற லாத்தாவிடம், இனிமேல் ஊசி வேண்டாம் என்றேன்.

"டாக்டரம்மா சொல்லிட்டாகளா?"

"இல்ல லாத்தா. ஜெபத்துல ஒரு வார்த்தை கிடைச்சிருக்கு."

லாத்தா என் முகத்தையே பார்த்தார். "உங்க வேதத்து விசயம், நான் என்ன சொல்லதுக்கு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு சில நாள் எதிரெதிரே பார்த்தாலும் அவர் சரியாகப் பேசவில்லை. எனக்கோ உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது. ஊசி இல்லாத வயிற்றைத் தடவிப் பார்த்து, இதுதான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சபையில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு நாடக ஒத்திகை. லெந்து காலம் என்பதால், இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட கதை. கதையைத் தேர்ந்தெடுத்ததும் வசனம் எழுதிக் கொடுத்ததும் நான்தான், ஆனால் ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பிப்பதற்கு முன்னால். சாத்தானாக நடித்த பெண், அவள் அம்மாவின் கறுப்பு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, சினிமா வில்லன் மாதிரி ஹாலே அதிரக் கத்திக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏட்டி, இப்படிக் கத்தினா யாரு நம்புவா?" என்றேன். "சாத்தான் உறுமிக்கிட்டா வருவான்? ரொம்ப அக்கறையாப் பேசணும். உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேங்கிற மாதிரி சொல்லு."

"அச்சா டீச்சர், பியார் ஸே சொல்லணுமா?"

"ஆமா, பியார் ஸே, அன்பாச் சொல்லு."

அவள் நல்ல கெட்டிக்காரி. குரலைத் தாழ்த்தினாள். இயேசுவாக நடித்த பெண்ணை ஒரு பெஞ்சு மேல் நிற்க வைத்திருந்தோம். அதுதான் சாத்தான் அவரைக் கொண்டுபோய் நிறுத்தும் ஆலயத்தின் உச்சி. இவள் மெதுவாகப் பக்கத்தில் போய், தலையை ஒரு பக்கம் சாய்த்து, அவள் கையை ஆசையாகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க குதிங்க. பயப்படாதீங்க. தூதர்கள் உங்களைக் கையில ஏந்திக்குவாங்க. உங்க கால் கல்லுல இடறவே இடறாது."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அந்த வசனம் என் தலை மேல் கை வைத்துச் சொல்லப்பட்ட வசனம். சின்ன வயதிலிருந்து இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சாத்தானும் வேத வசனத்தைச் சொல்லித்தான் குதிக்கச் சொன்னான் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் அது என் காதில் விழவில்லை.

பெஞ்சு மேல் நின்ற பெண்ணுக்கு அடுத்த வசனம் மறந்துபோய்விட்டது. திருதிருவென்று முழித்தாள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், டீச்சர் எடுத்துக்கொடுப்பார்கள் என்று.

"டீச்சர், இயேசு என்ன சொல்லணும்?"

"உன் தேவனைப் பரீட்சை பார்க்காதேன்னு சொல்லணும்" என்றேன். வயிற்றில் பிள்ளையோடு நான் அந்தப் பெஞ்சு நுனியில்தான் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டா? ஏற்கெனவே குதித்தாயிற்று.

ஒத்திகையை இன்னொரு டீச்சரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடாத குறையாக நடந்தேன். சனிக்கிழமை லாத்தாவுக்கு அரை நாள்தான் வேலை. அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஊசி போட்டு விடுங்க லாத்தா."

"இத்தன நாள் விட்டுட்டு இப்ப நானா போட முடியாதும்மா. மொதல்ல டாக்டரம்மா பாக்கட்டும். செருப்பப் போடு, போவோம்."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு குத்தல் வார்த்தை இல்லை. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துப் படியிறக்கி டாக்ஸியில் ஏற்றினார். கணவருக்குப் போன் செய்தேன். அவர் சான்பாடாவில் ஆபீஸில் இருந்தார். "நான் வாரேன், நீ பயப்படாத" என்று சொல்லும்போது அவர் குரல்தான் நடுங்கியது.

ஸ்கேன் அறையில் அந்த இருட்டில் படுத்துக்கொண்டு நான் செய்த ஜெபத்தில் வசனம் எதுவும் இல்லை. "அப்பா, மன்னிச்சிருங்க" என்பது மட்டும்தான் வந்தது. டாக்டர் கருவியை வயிற்றில் அழுத்தி அழுத்தித் தேடினார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு பொத்தானை அமுக்கினார். டக்டக்கென்று குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"பச்சா டீக் ஹை" என்றார் டாக்டர். பிள்ளை நன்றாக இருக்கிறது என்ற அந்த மூன்று வார்த்தையைப் போல இனிப்பான எதையும் நான் இதுவரை கேட்டதில்லை. அதன் பிறகு அவர் திட்டினார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் விளக்கியதை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை. திட்டி முடித்துவிட்டு, ஊசியை எப்படித் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று லாத்தாவிடம் விவரமாகச் சொன்னார்.

வெளியே வந்தால் என் கணவர் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார். லாத்தா மேலே இருந்தே, "பிள்ள நல்லாருக்கு, மெதுவா வாங்க தம்பி" என்றார். அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மூன்று பேரும் ஆஸ்பத்திரி வாசலில் வடாபாவ் வாங்கிச் சாப்பிட்டோம். எனக்கு அன்றைக்கு எடுத்த பசி!

மறுநாள் ஆராதனை முடிந்து போதகர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய பிரசங்கம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அந்தக் கூட்டத்துல வேற யாரெல்லாம் மருந்த நிறுத்தியிருக்காங்க?" என்றுதான் கேட்டார். அப்போதுதான் எனக்குக் கோவண்டி அக்கா நினைவுக்கு வந்தார்.

அன்று மாலையே போதகரின் மனைவியும் நானும் கோவண்டிக்குப் போனோம். அந்த அக்கா காலில் ஒரு புண்ணைத் துணியால் சுற்றி வைத்துக்கொண்டு, சுகமாகிவிட்டது, சுகமாகிவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை உள்ளே கூப்பிடவே அவருக்கு மனசில்லை. நான் அந்த நாடக ஒத்திகையில் நடந்ததை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு அவர் துணியை அவிழ்த்துக் காட்டினார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். காலைக் காப்பாற்றிவிட்டார்கள், ஒரு விரலைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஒரு விரலை நினைத்தால், எனக்குக் கிடைத்த தப்பித்தல் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

அந்த வாரம் சிஸ்டர் போன் செய்தார். அதே மிருதுவான குரல். "சாத்தான் உங்களப் பயமுறுத்திட்டான், இல்லம்மா?"

"சிஸ்டர், நீங்க எனக்குச் சொன்ன அதே வசனத்த அவன் இயேசுகிட்டயே சொல்லியிருக்கான். அதுக்கு இயேசு என்ன பதில் சொன்னாருன்னு நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே."

சிஸ்டர் போனை வைத்துவிட்டார். அவர் வேண்டுமென்றே எங்களை ஏமாற்றினார் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அவரும் அதை மனசார நம்பியிருக்கலாம். என்னோடு அவர் அழுத அழுகை பொய் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் அது அவ்வளவு ஆபத்தாக இருந்தது.

மழைக்காலத்தில் எனக்குக் குழந்தை பிறந்தது. தரிசனத்தில் கண்ட ஆண் குழந்தை இல்லை. தலை நிறைய முடியோடு ஒரு பெண். லாத்தா துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, தன் வழக்கப்படி ஓதி அதன் நெற்றியில் ஊதினார். நான் கண்ணை மூடி என் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றபோது, டாக்டரையும் மருந்தையும் சேர்த்தே சொல்லி நன்றி செலுத்தினேன். எனக்கு அதில் கொஞ்சமும் கூச்சமில்லை.

நான் இப்போதும் அற்புதங்களை நம்புகிறவள்தான், முழங்கால் போட்டுக் கேட்கிறவள்தான். ஆனால் யாராவது என் பயத்தைத் தடவிக்கொடுத்து ஒரு வசனத்தை நீட்டினால், அந்த அதிகாரத்தைத் திறந்து அதற்கு முன்னும் பின்னும் என் கர்த்தர் என்ன சொல்லியிருக்கிறார் என்று வாசித்துப் பார்க்காமல் இனி நான் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை.