தங்கையின் பெயர் வராத புத்தகம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லாமல் நான் யாரிடமும் அறிமுகமானதில்லை. மெல்பர்னில் முதுகலை படிக்க வந்தபோது எனக்குப் பகுதிநேர வேலை கொடுத்த வரலாற்றாசிரியரிடமும் முதல் நாளே சொன்னேன். அவர் சிரித்தார். "நான் பதினாறு வயதில் பள்ளியை விட்டவன்" என்றார்.

அவர் இங்கிலாந்துக்காரர், சுரங்கத் தொழிலாளியின் மகன். சொந்த ஊர்ப் பத்திரிகையில் எடுபிடியாகச் சேர்ந்து, நிருபராகி, கோர்ட்டு வழக்குகளையும் சாவுச் செய்திகளையும் இருபது வருடம் எழுதியவர். நாற்பது வயதுக்கு மேல்தான் பல்கலைக்கழகம், பிறகு வரலாற்று நூல்கள். எழுபதைத் தாண்டி, மெல்பர்னில் மகள் வீட்டுக்கு அருகே குடியேறி, உப்புத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். நான் உப்பளத்து ஊர்க்காரி என்பதால்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. தமிழ்ப் பேட்டிகளை மொழிபெயர்த்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தரவேண்டும். நகரின் புறப்பகுதியான மல்கிரேவில் முழுநேர வேலை கிடைத்த பிறகும் வார இறுதிகளில் அதைச் செய்துவந்தேன்.

பத்திரிகைக் காலத்துப் பழக்கம் ஒன்றை அவர் விடவேயில்லை. யாருடைய பேச்சை எழுதினாலும், அச்சுக்குப் போகுமுன் அவர்கள் எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். அவர்கள் சரி என்றால்தான் அது புத்தகத்தில் இருக்கும்.

அம்மா மூன்று மாத விசாவில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது அவளைப் பேட்டி எடுக்க வந்தார். தூத்துக்குடியில் முப்பது வருடம் உப்பு வாரியவள் அம்மா. கூச்சமில்லாமல் பேசினாள்.

"இவ படிச்சதுக்கு நான் மட்டும் காரணமில்ல. சின்னவள அஞ்சாங்கிளாஸோட நிப்பாட்டி அளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ கூலியிலதான் இவ படிச்சா. வெயில்ல உப்பப் பாத்துப் பாத்து அவளுக்குக் கண்ணு மங்கிட்டு. அவ பேரு இந்தப் புஸ்தகத்துல வரணும்னு சொல்லுட்டி."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அம்மா தனியாக உழைத்து என்னைப் படிக்கவைத்தாள்."

பத்து வயதுத் தங்கையின் உழைப்பில் நான் படித்தேன் என்பது அவர் குறிப்பேட்டில் ஏறுவதை என்னால் தாங்க முடியவில்லை. ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அங்கும் அந்த வரிகளை விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்து வாசித்தார். நான் தமிழில் சொன்னேன். அம்மா கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. சின்னவ எங்கட்டி?"

"பெறவு சொல்லுதேம்மா."

"பெறவு என்ன பெறவு? இப்பமே சொல்லு அவர்ட்ட."

அவர் தலையை நிமிர்த்தி, "என்ன கேட்கிறார்?" என்றார்.

உங்களுக்கு டீ வேண்டுமா என்று கேட்பதாகச் சொன்னேன்.

டீ அம்மாவுக்குத் தெரிந்த சொல். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுந்துபோனாள். இஞ்சி தட்டிப்போட்ட டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனவள், அவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் அவரிடமிருந்து மின்னஞ்சல். அம்மாவுக்கு அந்தப் பக்கத்தில் திருப்தியில்லை, அவர் கேட்டது டீயைப் பற்றியல்ல என்று நினைக்கிறேன், அவர் என்ன கேட்டார் என்று மாத முடிவுக்குள் எழுது, இல்லையென்றால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். நான்கு தடவை பதில் எழுதி அழித்தேன். மாதம் முடிந்தது.

புத்தகம் வந்தபோது அம்மா ஊருக்குத் திரும்பியிருந்தாள். அதில் அவளும் இல்லை, தங்கையும் இல்லை. நன்றியுரையில் என் பெயர் மட்டும் இருந்தது, பட்டத்தோடு.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். கண் தெரிவதற்காக போனை மூக்கை ஒட்டிப் பிடித்திருந்தாள்.

"யக்கா, புஸ்தகம் வந்துட்டா?"

"வந்துட்டு."

"என் பேரு இருக்க பக்கத்த போட்டோ புடிச்சி அனுப்பு. பெருசாக்கிப் பாத்துக்கிடுதேன்."

"உன் பேரு அதுல இல்லட்டி. அம்மா சொன்னா. நான்தான் அவர்ட்ட சொல்லல."

"தெரியும்."

"எப்படி?"

"அம்மா வந்து எறங்குன அன்னைக்கே சொல்லிட்டா."

"பெறவு எதுக்குக் கேட்ட?"

"நீ சொல்லுதியான்னு பாத்தேன். பெரிய படிப்புப் படிச்சவல்லா" என்றாள். "சரி, ஒலையில அரிசி கெடக்கு. வைக்கேன்."