உயிரோடிருந்த மாமாவுக்கு வீரவணக்கம்

என் தாய்மாமா இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். ஓசூர் பக்கம் மகளோடு தங்கிக்கொண்டு, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, டிவி தொடர்களைத் திட்டியபடியே ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் ஊரே கூடி அவருக்கு வீரவணக்கம் செலுத்தியது. ரோஜாப்பூத் தட்டைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றவள் நான்தான்.

போன மாதம் ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்த ஒருவர், எல்லையில் நம் வீரர்கள் சிந்திய ரத்தம் என்று மைக்கில் ஆரம்பித்தார்.  கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

பாகூர் ஏரித் தண்ணீரில் விளையும் ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. நெல்லும் கரும்பும் குறைவில்லாமல் விளையும். ஆனால் தார் ரோட்டிலிருந்து ஊருக்குள் வர வாய்க்கால் கரைதான் வழி. வெயில் காலத்தில் டிராக்டர் வரும். மழைக்காலத்தில் முழங்கால் வரை சேறு. பிரசவ வலி எடுத்த பெண்களைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு தார் ரோடு வரை ஓடுவார்கள். ஓடுவார்கள் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன், அந்தச் சேற்றில் எங்கே ஓடுவது. எங்கள் வயல் வரப்பைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அந்தப் பக்கத்து ஊருக்கு டவுன் பஸ்ஸே வந்துவிட்டது. அதன் ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பெரியவர்களின் முகம் சுருங்கும்.

அந்த வருஷக் கோடையில் வடக்கே பனிமலையில் சண்டை மூண்டது. ராணுவத்தில் இருந்த மாமாவை அங்கே அனுப்பினார்கள். அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. இருந்த ஒரே கூடப்பிறப்பு இந்தத் தம்பிதான், கல்யாணம்கூட ஆகாதவர். டீக்கடை டிவியில் செய்தி போடும் நேரத்துக்கெல்லாம் அம்மா கூச்சத்தை விட்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் போய் நிற்பாள். கடைசியில் மாமாவின் இடது பாதத்தில் குண்டுச் சிதறல் பட்டு, ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தெரிந்தது. அதை அவரே டெலிபோன் பூத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார். ஊரில் பாதிப்பேர் பூத் வாசலில் நின்று கேட்டார்கள். அம்மா அழுதுகொண்டே சாப்பாடு எப்படி என்று விசாரித்தாள். மூன்று வேளையும் சப்பாத்தி என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் அழுதாள். ஆக, மாமா உயிரோடு இருக்கிறார் என்பது எங்கள் ஊரில் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

சண்டை முடிந்தது. கையோடு தேர்தல் வந்தது. கட்சிக்காரர்கள் வீரர்களைத் தேடிப் பிடித்துக் கௌரவிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் கரும்பு வெட்ட ஆள் அனுப்புகிற மேஸ்திரி ஒருவர் இருந்தார். அவர்தான் கட்சிக்கும் எல்லாம். பெரிய தலைவர் ஒருவர் நம் ஊருக்கே வந்து, காயம்பட்ட வீரரின் குடும்பத்துக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார் என்று அவர் வந்து சொன்னபோது அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் நடந்திருக்கக்கூடியதுதான் நடந்தது.

தலைவரின் கார் சேற்றில் மாட்டக் கூடாதே என்று ஊர் முழுக்க இறங்கி வேலை செய்தது. பெண்கள் கூடை கூடையாக மண் சுமந்தார்கள். ஆண்கள் கரும்பில் உரித்த காய்ந்த சோகையைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து பரப்பி, மேலே செம்மண் கொட்டி டிராக்டரை விட்டு மிதித்தார்கள். ஒரு மனிதர் ஒரு தடவை வந்து போவதற்கு நாங்களே ஒரு ரோடு போட்டுக் கொடுத்தோம். அதைச் சொல்லிக்காட்டி அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

மாரியம்மன் கோயில் திடலில் மேடை. மாமா ஆஸ்பத்திரியில் இருந்ததால் அவருடைய படத்தை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். பாகூர் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிய படம். விழா என்றால் விளக்கு வேண்டுமே என்று யாரோ ஒரு குத்துவிளக்கைக் கொண்டுவந்து அதன் முன்னால் ஏற்றினார்கள். பக்கத்தில் மாட்டுக்கொட்டகை இருந்ததால் ஈ மொய்க்கக் கூடாது என்று இன்னொருவர் ஒரு கத்தை ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தார். எல்லாம் நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் நாற்காலி, படம், விளக்கு, ஊதுபத்தி என்று சேர்த்துப் பார்த்தால் எந்தத் தமிழனுக்கும் ஒன்றுதான் தோன்றும்.

தலைவருக்கும் அதுதான் தோன்றியது. காலையிலிருந்து ஊர் ஊராகப் போய்க் களைத்து, மூன்று மணி நேரம் தாமதமாக வந்தவர், படத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். யாருடைய தோளுக்கோ வாங்கி வைத்திருந்த மாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டார். என் தட்டிலிருந்து பூவை அள்ளித் தூவிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அதுவரை நடந்ததை நான் மன்னித்துவிடுவேன்.

மைக்கைப் பிடித்தார். இந்த மண்ணுக்காக உயிரைக் கொடுத்த மாவீரன் என்றார். அவன் பெயரால் இந்த ஊருக்குத் தார்ச்சாலை, ஊர் எல்லையில் நினைவு வளைவு, அவனுடைய இளம் மனைவிக்கு அரசாங்க வேலை என்று அடுக்கிக்கொண்டே போனார். காயம்பட்டவனுக்கு ஒரு துண்டு போர்த்திவிட்டுப் போயிருக்க வேண்டியவர், செத்தவனுக்கு என்றதும் வாரி வழங்கினார். கூட்டம் ஒரு நிமிஷம் முழித்தது. தார்ச்சாலை என்ற சொல் உள்ளே இறங்கியதும் கைதட்டியது. மேஸ்திரி எல்லோரையும்விட உரக்கத் தட்டினார்.

அம்மா எழுந்தாள். முன்வரிசையில் புதுப் புடவையோடு உட்கார்ந்திருந்தவள், கையை ஆட்டிக்கொண்டு மேடையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஐயா, என் தம்பி உயிரோட இருக்கான். ஆஸ்பத்திரில சப்பாத்தி துன்னுக்கினு இருக்கான்."

மைக் சத்தத்தில் அது எடுபடவில்லை. மறுபடியும் சொல்ல வாயெடுத்தவளை, பக்கத்து வீட்டுப் பெரியம்மா புடவையைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய மகள் அப்போது தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஐப்பசியில் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டியவள்.

"கம்முனு குந்துடி. ரோடு வர்ற நேரத்துல கெடுத்துறாத. எம் பொண்ண நெனச்சிப் பாரு."

அம்மா அழ ஆரம்பித்தாள். தலைவர் அதைப் பார்த்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் தலைமேல் கை வைத்து, "அழும்மா, அழுதாதான் மனசு ஆறும்" என்றார். போட்டோக்காரர் அதைப் படம் பிடித்தார். கதறும் சகோதரிக்குத் தலைவர் ஆறுதல் என்று மறுநாள் பேப்பரில் வந்தது. பேப்பரை அப்பா மடித்துப் பரண்மேல் போட்டார். அம்மா அந்த மாலையைப் பிய்த்துக் குப்பைக்குழியில் எறிந்துவிட்டு, மஞ்சள் தண்ணீரால் படத்தைத் துடைத்த துடைப்பில், மாமாவின் மூக்குப் பக்கம் சாயமே போய்விட்டது.

நாலு நாள் கழித்து இரண்டு பேர் டேப்போடு வந்து அளந்து, கரை நெடுகச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். நாங்கள் பிள்ளைகள் அந்தக் கோட்டை மிதிக்காமல் பள்ளிக்கூடம் போனோம். ஊரே ஒருவர் பாக்கியில்லாமல் அந்தத் தலைவர் சொன்ன சின்னத்துக்கு ஓட்டுப் போட்டது.

அதற்கப்புறம்தான் மாமா லீவில் வந்தார். இரும்புப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து வாய்க்கால் கரையில் நடந்து வந்தார். அந்தப் பாதத்தில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். அம்மா ஆரத்தி எடுத்தாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு மாமா கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார். என்னைக் கூப்பிட்டு, தனக்கு எவ்வளவு பூப் போட்டேன் என்று கேட்டார். ஒரு தட்டு என்றேன். ஒரு தட்டுதானா என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். காபி குடித்தார். மாமாவின் பாதத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, தப்பா நெனச்சிக்காத. ஒரு மூணு மாசம் வேற எங்கனா சொந்தக்காரங்க வூட்ல இருந்துட்டு வாயேன். வேலைய ஆரம்பிச்சிட்டா அப்புறம் ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அம்மா துடைப்பத்தை எடுத்தாள். மேஸ்திரி செருப்பைக்கூடப் போடாமல் போனார். மாமாதான் அம்மாவைச் சமாதானப்படுத்தினார். ரோடு நமக்கும்தானே அக்கா என்றார். மறுநாளிலிருந்து ராணுவச் சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வீட்டையும் வயலையும் தவிர வேறெங்கும் போகாமல் இருந்தார். நாட்டுக்காகச் சண்டை போட்டவன், சொந்த ஊரில் ஒளிந்து வாழ்ந்தான். அதையும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஒருநாள் ஒரு அதிகாரி ஜீப்பைத் தார் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். மோட்டார் கொட்டகைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தவரிடம், சண்டையில் இறந்துபோன வீரரின் வீடு எது என்று கேட்டார். முகத்துச் சோப்பை வழித்துவிட்டு மாமா, "நான்தான் சார் அது" என்றார். பக்கத்துப் பாத்தியில் கீரை பறித்துக்கொண்டிருந்த நான் அதைக் கேட்டேன். அதிகாரி சிரிக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போனார்.

அதோடு சுண்ணாம்புக் கோடும் மழையில் கரைந்தது. ஊரார் போய்க் கேட்டதற்கு, இறந்த வீரர் நினைவுக்காக ஒதுக்கிய சாலை அது, இறந்தவரே இல்லாதபோது சாலை எப்படி வரும், வேண்டுமானால் புதிதாக மனுக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஓட்டுப்பெட்டிக்கு சீல் வைத்த அன்றே அந்த ரோடு முடிந்துபோனது. மாமா திரும்பி வந்தது அவர்களுக்குக் கிடைத்த சாக்கு. அவர் வராமல் போயிருந்தால் வேறு சாக்கு கிடைத்திருக்கும். இது ஏன் எங்கள் ஊரில் ஒருத்தர் புத்தியிலும் உறைக்கவில்லை என்று நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

மாமா டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றது. அப்பாவிடம் ஒருவர், உன் மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் தலைவரைப் பார்த்தால்தான் என்ன என்று கேட்டார். மாமா போனார், இரண்டு தடவை. வாசலிலேயே உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருவன் உங்க மாமாவால்தான் ரோடு போச்சு என்றான். அவன் கையைக் கடித்துவிட்டேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலையில் பெரியம்மா மகளுக்கு வலி கண்டது. தலைவருக்காகப் போட்ட சோகையெல்லாம் மக்கி, கரை முன்னைவிடக் குழைந்து கிடந்தது. தூக்க ஆள் போதாமல் மாமா கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தோள் கொடுத்தார். வழுக்கி விழாமல் இருக்க அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்தேன். அவர்கள் தார் ரோட்டுக்குப் போய்ச் சேரவே உச்சிப்பொழுதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்த அக்கா பிழைத்துக்கொண்டாள். பிள்ளை அழவே இல்லை.

மறுநாள் பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கத்தவில்லை. கட்டில் சட்டம் அழுத்தித் தோல் உரிந்த தோளில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவ, மாமா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ அங்கியே போய்ச் சேந்திருந்தா எம் பேரன் இருந்திருப்பான்டா."

மாமா தலையைத் தூக்காமல், "ஆமா பெரிம்மா" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் தனியாளாக எழுந்து நின்றவள், மேஸ்திரியைத் துடைப்பத்தால் விரட்டியவள், எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்தபடி தடவிக்கொண்டே இருந்தாள். பெரியம்மாவைத் திட்ட அவளால் முடியவில்லை. திட்ட வேண்டிய ஆள் எங்கோ வெள்ளை வேட்டியோடு பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தார். கைக்கெட்டிய தூரத்தில் மாமா ஒருவர்தான் இருந்தார்.

லீவு பாதி மிச்சமிருக்கும்போதே மாமா பெட்டியைக் கட்டினார். அம்மாவிடம், டாக்டர் வரச்சொல்லியிருக்கிறார் என்று சொன்னார். என்னிடம், பனிமலை அவ்வளவு அழகாக இருக்கும், பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றார். நான் நம்பினேன். எங்கள் மாமாவுக்குச் சண்டை என்றால் அவ்வளவு ஆசை, வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். பிறந்த ஊரில் உயிரோடு இருப்பதற்காகத் தினமும் தலைகுனிவதைவிட, சுடுகிறவன் யார் என்றாவது தெரிகிற இடம் ஒரு மனிதனுக்கு மேலாகப் படும் என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?