களைவும் கட்டுப்பாடும்

விசுவமடுப் பொதுநோக்கு மண்டபத்தில் 'ஆயுதக் களைவும் கட்டுப்பாடும்' என்ற தலைப்பில் பேசப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்; எழுதிவந்த தாளைப் பார்த்துத்தான் தொடங்கினேன். பதாகையில் 'ஆயுதக்' என்ற முதற்சொல் தூணைச் சுற்றி மடிந்து மறைந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

முன்வரிசைக் கதிரையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் இருந்தார். எழும்பும்போதெல்லாம் சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் வாய் திறப்பார்.

"தம்பி, களைக்கு என்ன மருந்தெண்டு எப்ப சொல்லுவீங்கள்?"

சனம் சிரித்தது.

"ஐயா, இது வயல் களை இல்லை. அயல்நாடுகள் சேர்ந்து ஆயுதம் குறைக்கிற கதை."

அவர் போய்விடவில்லை. "ஆர் முதல் குறைக்கிறது?"

"அதுதான் பிரச்சினை. தான் குறைச்சாலும் மற்றாள் குறைக்காது எண்டு ரெண்டு பக்கமும் பயம். அதால ஒரே நேரத்தில குறைச்சு, ஆளையாள் வந்து பாக்க விடுவினம்."

"அட, எங்கட கதையெல்லோ! நான் பிடுங்கினாலும் பக்கத்து வயற்காரன்ர களை வரம்பு தாண்டி வரும். இந்தப் போகமும் போச்சு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "உன்ர களைதான் என்ர வயலுக்க வருது!"

பக்கத்து வயற்காரரும் அதே பதாகையை நம்பி வந்திருந்தார்.

மீசைக்காரர் மெல்லத் திரும்பினார். "சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒண்டா இறங்குவமோ? நீ என்ர பக்கம் வந்து பார், நான் உன்ர பக்கம் வாறன்."

பக்கத்து வயற்காரர் எழும்பி முன்னுக்கு வந்தார். "ஓம், வா."

என் பேச்சில் பாதி மிச்சம் இருக்கும்போதே இருவரும் வெளியேறினார்கள். சனிக்கிழமை தேத்தண்ணி ஆர் கொண்டுவாறது என்று வாசலில் பிடித்த சண்டை உள்ளேயும் கேட்டது. பேச்சை நிறுத்திவிட்டு, அது முடியும்வரை சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு நின்றேன்.