அண்ணி பார்த்துச் சொன்ன அடுத்த வருஷம்

வருஷக் கடைசி வந்துவிட்டால் எல்லாருக்கும் ஆரூடம் சொல்ல வாய் வந்துவிடும். வானொலியில் ஜோசியர், தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் என்று ஒருவர் பாக்கி இருக்க மாட்டார். ரிங்கிட் ஏறும் என்பார்கள், இறங்கும் என்பார்கள். எது நடந்தாலும் "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். எனக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டாலே எரிச்சல். அடுத்த வருஷத்தைப் பற்றி என் அண்ணன் மனைவி பேசினால் மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்பேன். அவரிடமும் எகிறிக் குதித்த வருஷம் ஒன்று உண்டு.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் எங்களுக்கு ஒரு துணிக்கடை. அண்ணிதான் முதலாளி. நான் ரொம்ப வருஷமாகக் கூடவே நிற்கிறேன். தீபாவளிக்கு விற்க வேண்டிய சரக்கை ஆறு மாதம் முன்னாலேயே இந்தியாவுக்குச் சொல்லிவிட வேண்டும். சனங்கள் கையில் காசு புழங்குமா, கல்யாணங்களைப் பெரிதாகச் செய்வார்களா, என்ன நிறம் பிடிக்கும் என்றெல்லாம் அப்போதே ஊகிக்காவிட்டால் சரக்கு அலமாரியில் தூங்கும், நமக்குத் தூக்கம் போகும்.

இதற்கு அண்ணி ஒரு வழி வைத்திருந்தார். நோன்புப் பெருநாளான ஹரி ராயா வந்தால் மலாய்க்கார நண்பர்கள் வீட்டு விருந்து ஒன்றையும் விட மாட்டார். பூச்சோங்கில் பள்ளித் தோழி, பண்டமாரானில் பழைய அண்டை வீடு, ஷா ஆலாமில் அண்ணனோடு வேலை செய்தவர் குடும்பம் என்று மாதம் முழுக்கச் சுற்றுவார். கோழி ரெண்டாங் கறியை ஒரு வாய் வைத்துக்கொண்டே, வருகிறவர் போகிறவர் உடுப்பை எல்லாம் கண்ணாலேயே அளந்துவிடுவார். "ராயாவுக்கு அவங்க செய்றது தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வந்துரும் லா. ஒரே தாமான்ல பக்கத்துப் பக்கத்து வீட்டுல இருக்கோம், ஒரே பாசார்ல சாமான் வாங்குறோம். பெருநாள் அவங்களுக்கு முன்னாடி வருது, அவ்வளவுதான்" என்பார்.

அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்தும் பழக்கத்தை அண்ணி முதலில் ராயாவில்தான் பார்த்தார். அந்த வருஷமே குடும்பத்துக்கு ஒரு செட் என்று வரவழைத்தார். "பேண்டு வாத்தியக் கோஷ்டி மாதிரி இருக்குமே அண்ணி" என்று நான் கேலி செய்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு செட்கூட மிஞ்சவில்லை. சொந்தப் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்திருந்ததையும் அண்ணி கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ராயா நெருங்கிய சமயத்தில் பக்கத்துக் கடை காலியானது. கட்டடத்துக்குச் சொந்தக்காரரான சீனத் தவுக்கே முதலில் என்னிடம்தான் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கென்று ஒரு கடை, பட்டுச் சேலை மட்டும் விற்கிற கடை, வாசலில் என் பலகை. எத்தனை வருஷ ஆசை அது. வங்கிக் கடனுக்கு எங்கள் வீட்டை அடமானம் வைக்க வேண்டும். என் கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர், "உன் இஷ்டம்" என்றுவிட்டார். அண்ணியும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

"ராயா முடியட்டும், பாத்துட்டு சொல்றேன்" என்றார் அண்ணி.

ராயா முடிந்தது. ஒரு காலை கடை திறந்த கையோடு சொன்னார். "வேணாம்மா. இனி வர்ற ஒரு வருஷம் ஜனங்க பாத்துப் பாத்துதான் செலவு பண்ணுவாங்க. போன ராயாவுக்குப் போட்டதையேதான் பெரியவங்க இந்த ராயாவுக்கும் போட்டிருந்தாங்க. பிள்ளைங்களுக்கு மட்டும்தான் புதுசு. சாப்பாட்டுல கொறையே வைக்கல. துணிலதான் மிச்சம் பிடிச்சிருக்காங்க."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. யாரோ வீட்டு அம்மா பழைய பாஜு கூரோங் போட்டதற்கு என் கடை போக வேண்டுமா?

"பிரிக்பீல்ட்ஸ்ல எல்லாக் கடையிலயும் பட்டுதான் வச்சிருக்கான். அவனெல்லாம் முட்டாளா அண்ணி?"

"அவன் வைக்கிறான். வாங்குறவங்க இருந்தாங்களா, பாத்தியா?"

நான் அந்தக் கடைகளின் வாசல் கண்ணாடிக்குள் தொங்கிய சேலையைப் பார்த்தேனே தவிர உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிற நிலையிலா இருந்தேன். "ஆனைக்கும் அடி சறுக்கும், ஞாபகம் வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அண்ணி கையெழுத்துப் போடவில்லை. அந்த வருஷம் பெரும்பாலும் பிள்ளைகள் உடுப்பாக ஆர்டர் செய்தார். பக்கத்துக் கடையை ஓர் இளம் தம்பதி எடுத்தார்கள், பட்டுச் சேலைதான் வைத்தார்கள். கல்லாவில் நின்றபடி அவர்கள் பலகை மாட்டுவதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அண்ணியோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பை எங்கே, சில்லறை எங்கே, அவ்வளவுதான். அவர் தினமும் பகலில் "சாப்டியா?" என்று கேட்பார். நான் "ம்" என்பேன். கேட்பதை அவரும் நிறுத்தவில்லை, "ம்" சொல்வதை நானும் நிறுத்தவில்லை.

தீபாவளி நெருங்கியது. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஓர் அம்மா மூன்று பிள்ளைகளோடும் கணவரோடும் வந்து, ஆளுக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்துப் பிள்ளைகளுக்கு எடுத்தார். பழக்க தோஷத்தில் நான் ஒரு சேலையை விரித்து, "உங்களுக்கு அக்கா?" என்றேன்.

"இருக்கு. போன வருஷம் எடுத்ததையே ரெண்டு தடவைதான் கட்டுனேன்" என்றார்.

கணவரைப் பார்த்தேன். "எனக்கும் இருக்கு லா" என்று சிரித்தார்.

அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அந்த மாதம் முழுக்க அந்தப் பேச்சுதான் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் உடுப்பு தீர்ந்து, கோலாலம்பூர் மொத்த வியாபாரக் கடையில் மறுபடி வாங்கி வந்தோம். பக்கத்துக் கடைத் தம்பதி நடைபாதையில் நின்று போகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்று கூப்பிட்டிருக்க வேண்டியவள் நான். எங்கள் கடையில் யாராவது பட்டு கேட்டால், "பக்கத்துல நல்லா வச்சிருக்காங்க, போய்ப் பாருங்க" என்று அண்ணி அனுப்பிவைத்தார். எங்களிடமும் நாலு பட்டு இருக்கத்தான் செய்தது. அவருக்கு எப்போதும் அந்த மனசு உண்டு.

தீபாவளி முடிந்து கடையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தோம். என் கோபமெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. கடைசியில் கேட்டேன்.

"எப்படி அண்ணி அவ்வளவு உறுதியா சொன்னீங்க?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "உறுதியா? யாரு சொன்னா? பாதிக்குப் பாதிதான் தோணுச்சு. உன் கடை நல்லாவே போயிருக்கலாம்."

"பின்ன ஏன் வேணாம்னீங்க?"

அவர் மடித்துக்கொண்டிருந்த பாவாடையைக் கீழே வைக்கவில்லை. "நான் சரின்னு சொல்லி அது தப்பாப் போனா உன் வீடு போயிரும். வேணாம்னு சொல்லி அது தப்பாப் போனா, நீ என்கூடப் பேச மாட்ட. அத நான் தாங்கிக்கலாம்னு நெனச்சேன்."

ஆறு மாதமாக அதைத்தான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.