பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே துணி

லுணுகலை கடைத்தெருவில் தங்கராஜா என்று கேட்டால், எந்தத் தங்கராஜா என்று திருப்பிக் கேட்பார்கள். துணிக்காரத் தங்கராஜா என்றால் போதும், மேல்பிரிவுக்கு ஏறுகிற பாதையைக் கை காட்டிவிடுவார்கள். மனிதர் துணி விற்றவரும் இல்லை, தைத்தவரும் இல்லை. தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் முப்பது வருஷம் கொழுந்து வாட்டியவர். ஆனால் ஏழு தீபாவளிக்கு, தன் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே துணியை உடுத்திக் காட்டினார். அதில் அவருக்கு வந்த பேரும் உண்டு, பட்ட வேதனையும் உண்டு. இரண்டையும் சொன்னால்தான் ஆளைச் சொன்ன மாதிரி இருக்கும்.

லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பரா என்றால் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, தலைக்கு மேலே ஒரே நீளத் தகரக் கூரை. காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் அந்தச் சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். இந்தப் பக்கம் கருவாடு பொரித்தால் அந்தப் பக்கம் ஒரு பிடி சோறு கூட இறங்கும். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நியாயம் யார் பக்கம் என்று பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கேட்டும் கேட்காத மாதிரி இருப்பதுதான் லயத்து மரியாதை.

அப்படி ஒரு தீபாவளிக் காலையில்தான் விஷயம் ஆரம்பித்தது. தங்கராஜாவின் மகள் பிரஷாந்தினிக்கு அப்போது நாலு வயது. கொழும்பில் வேலைக்கு நின்ற சித்தி ஒருத்தி, நாலாவது காம்பராப் பிள்ளைக்கு வலை வைத்த, மினுமினுப்பு ஒட்டிய கவுன் ஒன்று அனுப்பியிருந்தாள். அந்தப் பிள்ளை லயத்து வாசலில் அங்கேயும் இங்கேயும் நடந்த நடை இருக்கிறதே, பார்த்தவர்கள் இன்றைக்கும் நடந்து காட்டுவார்கள். கடைசிக் காம்பராவில் பாக்கியலெட்சுமி இருந்தாள், புருஷன் இல்லாதவள். அவளுடைய மகளுக்குத் துவைத்த பழைய சட்டைதான். அந்தப் பிள்ளை வெளியே வரமாட்டேன் என்று அழுதது. தாய் அடித்தாள். அடித்துவிட்டு அவளும் அழுதாள். பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டது, பன்னிரண்டு வீடும் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தன. தங்கராஜா கையில் முறுக்கோடு இஸ்தோப்பில், அதாவது காம்பராவுக்கு முன்னால் இருக்கிற அந்த ஒட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். வாயில் போட்ட முறுக்கு அவருக்கு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினார். "ஒரே கடை, ஒரே துணி. எல்லாப் புள்ளைக்கும் அதேதான். ஒருத்தன் உடுப்ப ஒருத்தன் பார்த்து ஏங்குற வேலையே வேணாம்" என்றார். ஆண்கள் தலையாட்டினார்கள், செலவு குறைகிறதே. பாக்கியலெட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாலாவது காம்பராக்காரர்கள்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சம்மதித்தார்கள். ஒற்றைக் காலில் நின்று எதிர்த்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சொந்தப் பெண்டாட்டி மீனாம்பாள்தான்.

"நம்ம புள்ளைக்கு ஒரு பட்டுப் பாவாடை எடுக்க மனசு வரலேன்னா நேரா சொல்லிப்புடுங்க. அதுக்கு ஏன் லயத்தையே கூட்டணும்?" என்றாள்.

"இன்னைக்குப் பட்டுப் பாவாடை கேக்கும். நாளைக்குப் பட்டுப் பாவாடை இல்லாத புள்ளைய ஏளனமாப் பார்க்கும். அந்தப் பழக்கம் நம்ம வீட்டுல வேணாம் மீனா" என்றார் அவர். மீனாம்பாள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டாள். லயத்தில் மிஷின் இருந்தது அவளிடம் மட்டும்தான்.

இத்தனை பேரைக் கேட்ட மனிதர் பிள்ளைகளை மட்டும் கேட்கவில்லை. அது அப்போது யாருக்கும் தோன்றவும் இல்லை.

லுணுகலையில் இத்ரூஸ் முதலாளியின் துணிக்கடை. பச்சைக் கட்டம் போட்ட துணி ஒரு முழுக் கட்டையும் தங்கராஜா கேட்டதும், முதலாளி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "என்ன தங்கராஜா, பேண்டு வாத்தியக் கோஷ்டி வைக்கப் போறீங்களா?" என்றார். விஷயத்தைக் கேட்டபிறகு சிரிக்கவில்லை. துணியைத் தன் கையாலேயே தட்டி மடித்து, காகிதம் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

அந்தத் தீபாவளியைப் பற்றிச் சொல்லச் சொன்னால் தங்கராஜாவின் குரலே மாறிப் போகும். இருபத்து மூன்று பிள்ளைகள். பையன்களுக்குச் சட்டை, பெண் பிள்ளைகளுக்குக் கவுன், எல்லாம் அதே பச்சைக் கட்டம். மிஞ்சிய துண்டில் மீனாம்பாள் தலையணை உறைகூடத் தைத்துவிட்டாள். வாசலுக்கு முதலில் ஓடிவந்தது பாக்கியலெட்சுமியின் மகள். பின்னாலிருந்து பார்த்தால் எது யார் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மீனாம்பாள் தன் மகள் என்று நினைத்து நாலாவது காம்பராப் பிள்ளையைப் பிடித்து இரண்டு பணியாரம் ஊட்டிவிட்டாள். பிரஷாந்தினி எங்கே என்று தேடினால், அவள் கடைசிக் காம்பராவில் பாக்கியலெட்சுமி மடியில் சோறு தின்றுகொண்டிருந்தாள். சட்டையை யாரும் பார்க்கவில்லை, எந்த வீட்டு அதிரசம் பெரிது என்றுதான் பார்த்தார்கள். "அப்படி ஒரு நாள் எனக்குத் திரும்பி வராதுங்க" என்பார்.

நீலக் கோடு, சிவப்புப் புள்ளி, மாம்பழ நிறம் என்று வருஷா வருஷம் போனது. ஆறாவது தீபாவளிக்கு மஞ்சளில் சின்னச் சின்னப் பூப் போட்ட துணி. இந்த மஞ்சள் பூவை ஞாபகத்தில் வையுங்கள்.

பிரஷாந்தினி படிப்பில் சுட்டி. ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணி, பதுளை டவுனில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அதே லயத்திலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் அங்கே மேல் வகுப்பில் படித்தார்கள். மூன்று பேரும் ஐந்தரை மணி பஸ்ஸில் போய் இருட்டுகிற நேரம் வந்து சேருவார்கள். அந்த வருஷம் சிறுவர் தினத்துக்குக் கலர் உடுப்புப் போட்டு வரலாம் என்று சொன்னார்கள். மூன்று பிள்ளைகளும் தங்களிடம் இருந்த நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள். மூன்றும் மஞ்சள் பூ.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் வீட்டில் சொல்லவில்லை. கவுனை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள், அவ்வளவுதான். அந்த மாதக் கடைசியில் தீபாவளி. மீனாம்பாள் அளவெடுக்கக் கூப்பிட்டபோது வந்து நிற்க மாட்டேன் என்றாள். பழைய கவுனை வைத்து ஒரு குத்துமதிப்பில் மீனாம்பாள் தைத்து வைத்தாள். தீபாவளிக் காலையில் இருபத்து மூன்று பிள்ளைகளில் இருபத்திரண்டு பேர் ஊதாக் கட்டத்தில் நின்றார்கள். பிரஷாந்தினி வெள்ளை ஸ்கூல் யூனிஃபோமில் வெளியே வந்தாள்.

தங்கராஜாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "லயமே போடுது, உனக்கு மட்டும் என்ன பெரிய கௌரவம்?" என்று சத்தம் போட்டார்.

பிள்ளை அழவில்லை. "இதுவும் எல்லாருக்கும் ஒரே துணிதானே அப்பா" என்றாள். "இதப் போட்டா நான் எங்கேருந்து வர்றேன்னு யாருக்கும் தெரியாது. மஞ்சப் பூ போட்டுப் போனதும் எங்க மூணு பேரையும் ஒண்ணா நிக்க வச்சு, லயத்துப் புள்ளைங்க வந்துட்டாங்கன்னு சிரிச்சாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல. துணியப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டாங்க."

சுவர்தான் கூரையைத் தொடாதே, பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டது. கேட்காத மாதிரி இருக்க அன்றைக்கு யாருக்கும் முடியவில்லை. தங்கராஜா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலை மலைப் பக்கம் இறங்கிப் போனார். ஒரு பிள்ளை ஏங்கக் கூடாது என்று செய்தது தன் பிள்ளையையே தலை குனிய வைத்துவிட்டதே என்று அவருக்கு நெஞ்சு வெந்தது. அடுத்த வருஷம் அவர் இத்ரூஸ் முதலாளி கடைக்குப் போகவில்லை. ஏன் என்று லயத்தில் யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு காலம் ஓடியது. லயத்துக் குடும்பங்களுக்கு ஏழு ஏழு பேர்ச் காணி பிரித்து, மேல்பிரிவில் தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். தங்கராஜாவுக்கும் ஒன்று கிடைத்தது. கதவில் நம்பர், கூரை வரைக்கும் எழும்பின சுவர். முதல் வேலையாக ஆளுக்கு ஆள் கேட் போட்டார்கள். ஒருவன் போட்ட கேட்டைப் பார்த்து இன்னொருவன் அதைவிட உயரமாகப் போட்டான். தங்கராஜாவும் போட்டார், பொய் சொல்லுவானேன். ஆனால் அவர் நினைப்பு வேறு. பதுளையில் படித்த அத்தனை வருஷத்தில் பிரஷாந்தினி ஒரு சினேகிதியைக்கூட வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. இப்போது தனி வீடு இருக்கிறதே, இனிக் கூட்டி வருவாள் என்று நினைத்தார். முன்னறையில் நாலு நாற்காலி வாங்கிப் போட்டார். மகள் படித்து டீச்சராகி, அதே பதுளை டவுனில் இன்னொரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கும் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டாள். தீபாவளிக்குத் தீபாவளி வருவாள், தனியாகத்தான் வருவாள். நாற்காலியில் பூனை படுத்தது.

மகளோடு மனஸ்தாபம் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் பேசுவாள். அந்த மஞ்சள் பூவைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசியதில்லை. என்னை மன்னித்துவிடு என்று பெற்ற பிள்ளையிடம் ஒரு தகப்பன் எந்த வாயால் கேட்பான்? அவருக்குத் தெரியவில்லை, அதனால் கேட்காமலே இருந்தார்.

போன வருஷம் செப்டெம்பர் மாதம் போன் வந்தது.

"அப்பா, இத்ரூஸ் முதலாளி கடையில இப்பவும் கட்டுத் துணி இருக்குமா?"

"எதுக்கும்மா?"

"முந்தின வருஷம் சிறுவர் தினத்துக்கு என் கிளாஸ்ல ஒரு புள்ள யூனிஃபோம்லயே வந்துச்சு. மத்ததுங்க எல்லாம் மினுமினுன்னு நின்னுச்சுங்க. அது ஒரு மூலையில நின்னுச்சு அப்பா." அவளே தொடர்ந்தாள். "இந்த வாட்டி முப்பத்தோரு புள்ளைக்கும் ஒரே துணி."

"வேணாம் பாப்பா" என்றார் தங்கராஜா. "நான் பட்டது போதும். ஏழைப்பட்ட புள்ளைங்க மேல ஏன் அடையாளம் போடுற?"

"ஏழைப்பட்ட புள்ளைங்களுக்கு மட்டும் இல்ல அப்பா. கடைக்காரர் புள்ள, டாக்டர் புள்ள, லயத்துப் புள்ள, எல்லாருக்கும். நீங்க லயத்தோட நிறுத்திட்டீங்க, அதுதான் தப்பாப் போச்சு. பெத்தவங்ககிட்ட மூணு வாரம் பேசி இழுத்துப் புடிச்சு சம்மதிக்க வச்சிருக்கேன். நீங்கதான் துணி பார்க்கணும். அம்மா தைக்கணும். ஒண்ணே ஒண்ணு, மஞ்சப் பூ மட்டும் எடுத்துறாதீங்க."

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயில் மஞ்சள் பூ வந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனை வைத்த பிறகு தங்கராஜா முற்றத்தில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

கடையில் இப்போது இத்ரூஸ் முதலாளியின் மகன் ஸாஹிர் இருக்கிறார். முன்னால் எல்லாம் ரெடிமேட் தொங்குகிறது. கிழவர் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கராஜா துணி கேட்டதும் அவர் கையை நெற்றியில் வைத்துக் கூர்ந்து பார்த்தார். "திரும்பவும் பேண்டு கோஷ்டியா?" என்றார். ஸாஹிர் ஏணி வைத்து ஏறி, வான நீலத்தில் சின்னக் கட்டம் போட்ட கட்டு ஒன்றை இறக்கினார். முப்பத்தோரு பிள்ளைக்கும் அளந்து வெட்டப் போன நேரம் தங்கராஜா குறுக்கே கையை வைத்தார். "ஒரு மீட்டர் கூட்டி வெட்டுங்க" என்றார். எதற்கு என்று ஸாஹிர் கேட்கவில்லை, நல்லவேளை.

அந்தச் சனிக்கிழமை பிரஷாந்தினி வந்தாள். தனியாக வரவில்லை. கூடப் படிப்பிக்கிற ஜிப்னா டீச்சரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கராஜா பூனையை விரட்டி நாற்காலியைத் துடைத்தார், துடைத்த நாற்காலியையே இன்னொரு தடவை துடைத்தார். ஜிப்னா டீச்சர் வாசலில் நின்று மலையைப் பார்த்துவிட்டு, "சின்னதுலேர்ந்து இந்த வீடுதானா டீச்சர்?" என்று கேட்டாள்.

உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மீனாம்பாளின் கை அப்படியே நின்றது.

"இல்ல டீச்சர்" என்றாள் பிரஷாந்தினி. கையை நீட்டிக் கீழே காட்டினாள். "அங்க தகரக் கூரை தெரியுதே, அந்த லயம். அதுல அஞ்சாவது காம்பரா. நான் பொறந்தது வளந்தது எல்லாம் அங்கதான். வாங்க, டீ குடிச்சிட்டுப் போய்ப் பார்ப்போம்."

தங்கராஜா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டும் கேட்காத மாதிரி இருக்க எவ்வளவோ பார்த்தார், முடியவில்லை, கண் கலங்கிவிட்டது.

தேத்தண்ணி குடித்துவிட்டு இரண்டு டீச்சர்மாரும் துணியைக் கட்டிலில் விரித்து அளந்து பார்த்தார்கள். "ஒரு மீட்டர் கூடுதலா இருக்கே" என்றாள் பிரஷாந்தினி. "ஸாஹிர் முதலாளி தப்பா வெட்டிட்டாரா அப்பா?"

"தப்பா வெட்டல. நான்தான் கேட்டேன்."

"யாருக்கு?"

அவர் நாற்காலி முதுகில் இல்லாத தூசியைத் தட்டினார். பிரஷாந்தினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த ஒரு மீட்டரை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தாள்.

"அம்மா, சாரிக்கு ஜாக்கெட் தைக்க இது போதுமா?"

மீனாம்பாள் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "போதும். ஆனா உன் அளவு எங்கிட்டப் பத்து வயசோட நிக்குது. வந்து நில்லு இங்க" என்றாள்.