வேட்டிக்குக் கீழே வெள்ளை சாக்ஸ்

போன வருடத்துக்கு முந்தைய வருடம், மழைக்காலம் தொடங்கிய நாட்களில், சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில்தான் அது ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. சின்ன சன்னல் வழியாகச் சாம்பல் நிற வெளிச்சம். குழாயை மூடிய பிறகும் எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதையோ எடுக்கக் குனிந்தவன் என் வலது கால் கட்டைவிரலைப் பார்த்தேன். சரியாகச் சொன்னால், அதுதான் என்னைப் பார்த்தது. நகம் பழைய பல் மாதிரி மஞ்சளாகத் தடித்து, ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து, ஒரு மூலையில் கறுத்தும் போயிருந்தது.

ஐம்பதைத் தாண்டிய மனிதன் தன் கால்விரலை எங்கே பார்க்கிறான்? நடுவில் வயிறு வேறு நிற்கிறது. நான் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளன். விடிந்ததும் பூட்ஸுக்குள் போகிற கால் சாயங்காலம்தான் வெளியே வரும். வெளியே வெயிலோ மழையோ, பூட்ஸுக்குள் எப்போதும் மழைக்காலம்தான்.

கைப்பேசியில் தேடினேன். முதலிலேயே நகப்பூஞ்சை என்று வந்தது. அது எனக்குப் போதவில்லை. அவ்வளவு சாதாரண வியாதியா எனக்கு வரும் என்று கீழே, இன்னும் கீழே போய், புற்று, விரலை அகற்றுதல் என்று என் தகுதிக்கேற்ற ஒன்று கிடைத்த பிறகுதான் நிறுத்தினேன். குளியலறையை விட்டு வெளியே வரும்போது, நான் போன பிறகு என் மீன்பிடித் தூண்டிலை எந்த நண்பனுக்குக் கொடுப்பது என்பது வரை முடிவு செய்திருந்தேன்.

கூடத்தில் மனைவியும் மகளும் கல்யாண ஆல்பம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு இன்னும் நாலு மாதத்தில் கல்யாணம். படம் எடுக்கப் போகிறவர் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போன ஆல்பம் அது. எங்கள் கல்யாணங்களில் மணமேடையில் பிள்ளைகள் பெற்றவர்களுக்குப் பாத பூஜை செய்வார்கள். காலைத் தட்டில் வைத்து, தண்ணீரும் பாலும் ஊற்றிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூப்போடுவார்கள். மொத்த மண்டபமும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம் அதுதான். அதனால் கேமராவும் அங்கேதான் மண்டிபோட்டு உட்காரும். மகள் காட்டிய பக்கத்தில் யாரோ ஒரு தகப்பனாரின் கால், பக்கம் முழுக்க, பால் சொட்டச் சொட்ட இருந்தது. அழகான, கௌரவமான கால். நகங்கள் ஒவ்வொன்றும் முத்து.

உயிர்ப்பயம் அந்த நிமிஷத்தோடு போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு நான் செய்த வைத்தியங்களை யாரும் செய்ய வேண்டாம். வினிகரில் ஊற வைத்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். பற்பசை பூசினேன். மஞ்சளைக் குழைத்துப் போட்டதில், ஏற்கெனவே மஞ்சளாக இருந்த நகம் கல்யாணக்களையையே அடைந்துவிட்டது. கடைசியில் மனைவியின் நகப்பூச்சை எடுத்து ஒரு பூச்சுப் பூசி, அதற்கு மேல் சாக்ஸ் போட்டு, உலகத்திடமிருந்து அந்த விரலை ஒளித்தேன். கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன், அங்கே காலணியைக் கழற்ற வேண்டுமே. செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறவன் போகாததை அம்மன் கவனித்தாளோ இல்லையோ, மனைவி கவனித்தாள்.

சம்பந்தி வீடு பிடோக்கில். நிச்சயத் தாம்பூலம் மாற்ற அங்கே போனபோது பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கீழே வெள்ளை சாக்ஸ். எல்லாரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நிற்க, நான் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன். சம்பந்தி மரியாதையான மனிதர். வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கால் வலியா என்று கேட்டார். சளி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்கே தெரியாது. அவர் தலையாட்டிவிட்டு மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார்.

அந்த நாட்களில் சிங்கப்பூரே எனக்குப் பாதங்களாகத்தான் தெரிந்தது. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தால் எதிர் வரிசையில் முகங்கள் இல்லை, கால்கள். சிவப்புச் சாயம் பூசியவை, வெடித்தவை, குழந்தையின் குண்டுக் கால்கள், செருப்பிலிருந்து பாதி நழுவித் தூங்கும் கால்கள். வண்டி தரைக்கு மேல் வந்ததும் வெளிச்சம் ஓடி வந்து எல்லாக் கால்களையும் ஒரே சமயத்தில் கழுவிவிட்டுப் போகும். என் காலை மட்டும் தொடாமல் போவதாகத் தோன்றும். ஒரு மதியம் கண்ணயர்ந்தபோது என் கட்டைவிரல் தனியாக எழுந்து, வேட்டி கட்டிக்கொண்டு, கல்யாண மண்டபத்து வாசலில் வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அதற்குக் கை கொடுத்தார்கள். என்னைத்தான் யாருக்கும் தெரியவில்லை.

விழித்ததும் முடிவு செய்தேன். அன்று சாப்பாட்டு மேசையில், இந்தப் பாத பூஜையெல்லாம் எதற்கு, மகள் எதற்கு அப்பா காலைப் பிடிக்க வேண்டும், காலம் மாறிவிட்டது, அதை விட்டுவிடலாம் என்று ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தினமும் காப்பித் தம்ளரைக்கூட உட்கார்ந்த இடத்தில் வாங்குகிறவருக்குத் திடீரென்று என்ன சமத்துவம் என்று கேட்டாள். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, கல்யாண மாலைகளுக்குச் சொல்லிவிட்டு வர என்னையும் மகளையும் தேக்கா கடைத்தெருவுக்கு அனுப்பினாள் மனைவி. பூக்கடைக்குப் பக்கத்தில் போகும்போதே மழை பிடித்துக்கொண்டது. கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடி நடைவழியில் ஒதுங்கினோம். சிராங்கூன் சாலை முழுவதும் ஒரு வெள்ளித் திரைக்குப் பின்னால் போய்விட்டது. பேருந்துகள் சத்தமில்லாமல் மிதந்து போயின. ஈர மல்லிகையும் சாம்பிராணியும் கலந்த வாசனை. பூத்தொடுக்கிறவர் மழையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தொடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஏதோ தூக்கத்துக்குள் நிற்பது போல இருந்தது.

“அப்பா, ஒண்ணு கேக்கவா? மறைக்காம சொல்லணும்” என்றாள் மகள்.

கேள் என்றேன்.

“உங்களுக்கு அவரைப் பிடிக்கலையா?”

மாப்பிள்ளை அவளாகத் தேர்ந்தெடுத்தவர். முதன்முதலில் சொன்னபோது நான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது உண்மைதான். அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை. மழையைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். நிச்சயத்தன்று ஓரமாகவே நின்றீர்கள். அவர் வீட்டில் செருப்பைக் கழற்றினாலும் சாக்ஸைக் கழற்றவில்லை, எப்போது கிளம்பலாம் என்று இருக்கிற மாதிரி. இப்போது பாத பூஜையும் வேண்டாம் என்கிறீர்கள்.

“ஆசீர்வாதம் பண்ண மனசு வரலன்னா சொல்லிடுங்கப்பா. மேடையில வந்து சும்மா நிக்காதீங்க. அத என்னால தாங்க முடியாது.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளித்திருப்பேன். பூக்கடை வாசலில் கவிழ்த்து வைத்திருந்த கூடையின் மேல் உட்கார்ந்தேன். ஷூவைக் கழற்றினேன். சாக்ஸை உருவினேன். மழை பார்த்துக்கொண்டிருக்க, சிராங்கூன் சாலையை நோக்கிக் காலை நீட்டினேன்.

மகள் குனிந்து பார்த்தாள். மஞ்சள் நகம், அதன் மேல் பாதி உரிந்த ரோஜா நிறப் பூச்சு.

“இதுக்காகவாப்பா?” என்றாள். பிறகு, “அது அம்மாவோட நெயில் பாலிஷ்தானே?” என்றாள்.

தலையாட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதுதான் அழுகையும் வந்தது. பூத்தொடுக்கிறவர் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து, என் காலைப் பார்த்துவிட்டு, கூடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மழை விடுவதற்குள் மகள் கிளினிக்குக்கு நேரம் வாங்கிவிட்டாள். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே இருக்கும் கிளினிக். டாக்டர் தமிழ்ப் பெண். காலைக் கையில் எடுத்தவர், “என்ன அங்கிள், ஊறுகாய் வாசன வருது?” என்றார். என் வைத்தியப் பட்டியலை மகள் ஒப்பித்தாள். டாக்டர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

பார்த்தால் பூஞ்சை மாதிரிதான் இருக்கிறது என்றார். ஆனால் மஞ்சளான நகமெல்லாம் பூஞ்சை இல்லையாம். அடிபட்டாலும், சில தோல் வியாதிகளிலும் இப்படியே ஆகுமாம். அதனால் நகத்தைக் கொஞ்சம் வெட்டி, அடியில் இருந்த பொடியைச் சுரண்டி, ஆய்வுக்கு அனுப்பினார். கறுத்த மூலையை ஒரு பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். பூட்ஸ் இடித்து உறைந்த ரத்தமாக இருக்கும், நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும், நகராமல் நின்றாலோ தோலுக்குப் பரவினாலோ உடனே வர வேண்டும் என்றார். விரலிடுக்கில் நான் வெறும் சேற்றுப்புண் என்று நினைத்துச் சொறிந்துகொண்டிருந்ததும் இதே பூஞ்சைதானாம். அங்கிருந்துதான் நகத்துக்கு ஏறியிருக்கும் என்றார். சர்க்கரையையும் பார்த்தார். அது எல்லைக்கோட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குத் தனியாக ஒரு திட்டு வாங்கினேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்குள் சரியாகிவிடுமா?

“ஆகாது அங்கிள். நகம் அதோட வேகத்துலதான் வளரும். கால் கட்டைவிரல்னா ஒரு வருஷம்கூட ஆகும். மருந்து பழைய நகத்த அழகாக்காது. வேர்ல இருந்து புதுசு சுத்தமா வரும், அவ்வளவுதான்.”

ஆய்வில் பூஞ்சை என்றே வந்தது. ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார். விரலிடுக்குக்குக் களிம்பு. நகவெட்டியும் துண்டும் எனக்கென்று தனி. தினம் புது சாக்ஸ், இரண்டு ஜோடி பூட்ஸை மாற்றி மாற்றிக் காயவைத்துப் போட வேண்டும். குளித்ததும் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், அதுதான் பாதி மருந்து என்று சொல்லிச் சொல்லி அனுப்பினார். மகள் கால் கழுவினால் அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று கடைசியாக மெல்லக் கேட்டேன். அந்த நேரத்துக்குள் ஒட்டுவது அரிது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் போதும் என்றார்.

பிறகு காத்திருப்பு. குளியலறை சன்னல் வெளிச்சத்தில் காலை ஸ்டூல் மேல் வைத்துப் பார்ப்பேன். வெகுநாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் நகத்தின் அடியில், தோலை ஒட்டி, மெல்லிசாக ஒரு பிறை. இளஞ்சிவப்பாக, ஈரமில்லாத வானத்தில் வந்த மாதிரி. சத்தம் போடாமல் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் குனிந்து, தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கல்யாணத்தன்று பிறை கொஞ்சம் வளர்ந்திருந்தது, அவ்வளவுதான். மீதி எல்லாம் பழைய மஞ்சளே. மேடையில் நாதஸ்வரம் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. பூக்களும் விளக்குகளும் கலங்கித் தெரிந்தன. தட்டில் காலை வைத்தேன். கேமரா மண்டிபோட்டது. மகள் தண்ணீரை ஊற்றினாள், பாலை ஊற்றினாள், கட்டைவிரலை மறைக்கவுமில்லை, அவசரமாகத் தாண்டிப் போகவுமில்லை.

அடுத்து சந்தனம். குருக்கள் கிண்ணத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை, கொஞ்சம் இருங்கள் என்றாள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை பட்டு வேட்டி மடிப்பிலிருந்து மடித்த சின்னத் துண்டு ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல், தன் வழக்கமான ‘லா’வோடு சொன்னார்:

“மாமா, இது உங்களுக்கு மட்டும் தனி டவல். வேற யாரும் தொடலை லா.”

எந்தச் சடங்கிலும் இல்லாத அந்தச் சடங்குக்காகக் குருக்களும், நாதஸ்வரமும், மண்டபமும் காத்திருக்க, மகள் என் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றித் துடைத்தாள். நான் மாப்பிள்ளையின் தலையில் கை வைத்தேன். அது நிகழ்ச்சி நிரலில் வேறு இடத்தில் வர வேண்டியது. கை முந்திக்கொண்டது.

ஆல்பத்தில் அந்தப் படம் ஒரு முழுப் பக்கம். நகத்தைத் திருத்தி அழகாக்கித் தரவா என்று படம் எடுத்தவர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

இப்போது நகம் முழுதும் வளர்ந்துவிட்டது. பூட்ஸ் இன்னும் இருப்பதால் பூஞ்சை திரும்பி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் தினமும் குளித்து முடித்ததும் அந்தத் துண்டை எடுத்து விரலிடுக்குகளைத் துடைக்கிறேன். ஒவ்வொரு முறையும், யாருக்கும் தெரியக் கூடாது என்று சாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்த அந்தக் காலுக்காக, மாப்பிள்ளையாக வந்த ஒரு பிள்ளை மடிப்புக் கலையாமல் துண்டை வைத்துக்கொண்டு மணமேடையில் காத்திருந்தது நினைவுக்கு வந்து, அன்று சிராங்கூன் சாலையில் பெய்த மழை எனக்குள் கொஞ்ச நேரம் பெய்துவிட்டுப் போகிறது.