கை சுடாத கோப்பை

எங்கள் அம்மா தேத்தண்ணி குடிக்கும் லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடியற்காலையில் அடுப்பு முன்னால் குந்திக்கொண்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொள்வாள். ஒரு வாய் குடிக்க மாட்டாள். ஆறிப்போனதும் அதை என் பக்கம் தள்ளிவிட்டு, அப்பா ஊற்றித் தரும் அடுத்த டம்ளரைப் பிடிப்பாள். சூடு பிடிப்பது அவள், ஆறியதைக் குடிப்பது நான். மார்கழி முழுக்க என் பிழைப்பு இப்படித்தான்.

அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா பின்னால் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிவிடுவார். கொண்டையும் போடுவார், அதுவும் நன்றாகவே போடுவார். எங்கள் லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருந்த பெரியம்மா இதைப் பார்த்துவிட்டு, உங்கப்பா கட்டியது மகாராணியைத்தான் என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அப்பா அசரவே மாட்டார்.

அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். வெயில் காலத்தில் அது இருக்கிற இடமே தெரியாது. மலையில் பனி இறங்கிவிட்டால் விரல்கள் பூட்டிக்கொள்ளும். சீப்புப் பிடிக்க வராது, சேலைக்கு ஊக்குக் குத்த வராது. ஆனால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலையேறித் தேயிலைக் கொழுந்தில் கை வைத்தாளென்றால், அந்தக் கைக்கா வாதம் என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்தில் அவளுக்கு ஈடாகக் கொழுந்தெடுக்க ஆள் கிடையாது. தாய் என்பதால் சொல்லவில்லை, தாயாக இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பயம். கை வரவில்லை என்று கங்காணிக்குத் தெரிந்தால் கூடையைப் பிடுங்கிக்கொண்டு, கையில் சுரண்டியைக் கொடுத்துப் புல்லு வெட்ட அனுப்பிவிடுவார். பிறகு கொழுந்து மலைக்குத் திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் வாத விஷயம் எங்கள் காம்பரா வாசலைத் தாண்டக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அப்பா அவளை நிவித்திகலவில் ஒரு வெதமாத்தயாவிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். அந்தச் சிங்கள வைத்தியர் ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்தார். காலையில் பச்சைத்தண்ணீரில் கை வைக்காதே, எழுந்ததும் கைக்குச் சூடு காட்டு, விரல்களை மடக்கி மடக்கி நீட்டு என்றெல்லாம் சொல்லியனுப்பினாராம். அந்த நேரம் நான் வாசலில் அவருடைய நாய்க்குட்டிகளோடு இருந்தேன். ஆகவே வைத்தியத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய்ப் போத்தல் மட்டும்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். தினமும் டம்ளரைப் பிடித்துப் பிடித்து அம்மாவின் உள்ளங்கை சிவந்துபோவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வாதமும் வந்து, கையும் சுட்டால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? கொழும்பில் கடையில் வேலை பார்த்த மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, அப்பாவின் போனில் ரகசியமாகச் சொன்னேன். எவ்வளவு சூடாக ஊற்றினாலும் கை சுடாத கோப்பை ஒன்று வேண்டும், அம்மாவுக்கு. மாமா அடுத்த முறை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்துவிட்டார். சிவப்புக் கலர், தடித்த பிளாஸ்டிக், மேலே மூடி. லயத்தில் அப்படி ஒன்று யாரிடமும் கிடையாது.

மறுநாள் விடியற்காலையில் நானே தேத்தண்ணி ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, அம்மாவிடம் நீட்டினேன். அப்பா ஏதோ சொல்ல வாய் திறந்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் கோப்பையை இரண்டு கைகளாலும் வாங்கிப் பொத்திப் பிடித்தாள்.

"கை சுடுதாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லடி தங்கம். கொஞ்சங்கூடச் சுடல" என்றாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அம்மா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். இரண்டாவது கோப்பையும் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடம் விடுமுறை. மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு அம்மாவைப் பார்க்க ஓடினேன். கங்காணி அவள் கூடையை எல்லோர் முன்னாலும் சாக்கில் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருந்தார். இளங்கொழுந்தோடு முத்தல் இலையும் காம்பும் கலந்து கிடந்தன. மடங்காத விரல்களால் கைக்கு வந்ததைப் பிய்த்துப் போட்டிருக்கிறாள்.

"ஒங்க கூடையா இது?" என்றார் கங்காணி. "நாளைக்கும் இப்புடின்னா புல்லுக்குத்தான் போகணும், பாத்துக்கங்க."

அம்மா சிரித்து மழுப்பினாள். கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கங்காணியைக் கடித்திருப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் நன்றாக ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தேன். இவ்வளவு நல்ல கோப்பை இருந்தும் கை பூட்டிக்கொண்டதென்றால், அந்த வெதமாத்தயா கொடுத்த எண்ணெய் சுத்த ஏமாற்று. அப்பாவிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவர் "ஆமாம்மா" என்றார்.

மறுநாள் காலையில் அப்பா இரண்டு தேத்தண்ணி ஊற்றினார். ஒன்று சிவப்புக் கோப்பையில், ஒன்று பழைய டம்ளரில். கோப்பையை என் முன்னால் வைத்தார்.

"மூடியெல்லாம் போட்ட கோப்பை, படிக்கிற புள்ளைக்குத்தான் பொருத்தம். நீ குடி. ஒங்கம்மாவுக்கு இந்த டம்ளர் போதும். என்ன, சரியா?"

லேசில் சரி என்று சொல்லிவிடுகிற ஆளா நான்? அம்மாவுக்கென்று கேட்டு வாங்கியதை நான் எடுத்துக்கொள்வது நியாயமா என்று யோசித்தேன். மூடியைத் திறந்து பார்த்தேன், மறுபடி மூடினேன். இன்னொரு கரண்டி சீனி போடுவதாக இருந்தால் சரி என்றேன். அப்பா போட்டார். பிறகுதான் அம்மாவைப் பார்த்து, "நீ அதுலயே குடிம்மா" என்று உத்தரவு கொடுத்தேன். அவள் டம்ளரைச் சட்டென்று இழுத்துப் பொத்திக்கொண்டாள்.

அன்றைய கூடையில் கங்காணியால் ஒரு காம்பைக்கூடப் பொறுக்க முடியவில்லை. அம்மா ஓய்வு பெறும்வரை சுரண்டியைக் கையால் தொடவில்லை. இப்போதும் பனிக்காலத்தில் அவளுக்கு டம்ளர்தான். எனக்கும் அன்றிலிருந்து சூடான தேத்தண்ணி கிடைத்தது. படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் மரியாதை கூடிவிட்டதென்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் யோசித்து முடித்துச் சரி சொல்லும்வரை, ஆவி பறந்துகொண்டிருந்த அந்த டம்ளரை அம்மா ஏன் தொடாமல், பூட்டிப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது.